நாலு கால் ஆக்டோபஸும் திரும்பி வரும் குண்டும்

லிஃப்ட்காரர் தம் வாழ்நாளில் இரண்டே இரண்டு கடற்போர்களை நடத்தியிருக்கிறார். முதலாவது, பதினைந்தாம் வயதில், அக்காவோடு சேர்ந்து, கூடத்து டிவியில். இரண்டாவது, நாற்பத்தெட்டாம் வயதில், தன்னந்தனியாக, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில். இரண்டு போரின்போதும் அவருக்கு நீச்சல் தெரியாது. அது ஒரு குறையாக அவருக்குப் பட்டதும் இல்லை.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் ஓட்டுபவர் அல்ல. மாடிக் கட்டடங்களுக்குப் போய், கயிற்றைத் தடவி, பிரேக்கைத் தட்டி, கதவு இடுக்கில் விரலை வைத்துப் பார்த்து, "இது விழாது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர். இருபத்திரண்டு வருடங்களில் அவர் கையெழுத்திட்ட ஒரு லிஃப்ட்டும் விழவில்லை. ஆகவே அவரை யாருக்கும் தெரியாது. ஒன்றே ஒன்று விழுந்திருந்தால் பேப்பரில் பெயர் வந்திருக்கும். நேர்மையாக வேலை செய்பவனுக்கு இந்த உலகம் தரும் மரியாதை இவ்வளவுதான்.

இரண்டாம் போருக்குக் காரணம் அவருடைய மகள். கல்லூரியில் படிக்கிறவள். ஒருநாள் காலையில் போனை அவர் மூக்கருகே நீட்டினாள். உலகத்தின் மூலை முடுக்கில் இருக்கும் தமிழ் விளையாட்டுப் பைத்தியங்கள் கூடும் ஓர் இணையக் குழு, கேம் ஜாம் என்ற போட்டியை அறிவித்திருந்தது. எழுபத்திரண்டு மணி நேரத்தில் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். பழைய காலத்துத் தோற்றம் வேண்டும். ஒரு திரையில் நாலு நிறத்துக்கு மேல் கூடாது. தலைப்பு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வெளியாகும். திங்கள் மாலை ஆறுக்குக் கடை சாத்தப்படும்.

"பரிசு என்ன?" என்று கேட்டார் மனைவி.

"பரிசெல்லாம் இல்லம்மா."

"பரிசு இல்லாமலா மூணு நாள் உக்காருவாங்க?"

"பரிசு இருந்தா ஆசையில உக்காருவாங்க. இது வெறியில உக்கார்றது" என்றாள் மகள்.

லிஃப்ட்காரர் இரண்டு வருடமாக, மாலை வேளைகளில், யாருக்கும் சொல்லாமல், மடிக்கணினியில் விளையாட்டு செய்யும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். மனைவி அதைச் சீட்டாட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கெட்ட பழக்கம் என்று ஒருவர் முடிவு கட்டியதை நல்ல பழக்கம் என்று நிரூபிப்பது வீண்வேலை என்பதால் லிஃப்ட்காரர் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தலைப்பு வந்தது. ஒரே சொல்: ஆழம்.

அவர் அதைப் படித்தார். கையிலிருந்த டீ ஆறும்வரை படித்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் மகளிடம் ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு கேட்டார்.

முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், அப்பா தம் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கீபோர்டு மட்டும்தான், உடம்பே அதுதான். அதை டிவியோடு பிணைக்க வேண்டும். அதன் ஞாபகசக்தியாக, பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். எழுதியதெல்லாம் கேசட்டில் சத்தமாகப் பதிவாகும். தகர டப்பாவுக்குள் நாலு பூனைகள் சண்டை போடுவது போன்ற சத்தம். அதைத் திரும்பப் போட்டால் ஆறு நிமிடம் பூனைகள் கத்தி முடித்தபின் விளையாட்டு வரும். அந்த ஆறு நிமிடமும் கூடத்தில் யாரும் நடக்கக் கூடாது. அம்மா மிக்ஸி போட மாட்டார். அப்பா தும்மலை அடக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். ஒரு குடும்பம் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தக் கேசட்டில்தான் முதலாம் கடற்போர் இருந்தது. மூளை அக்காவுடையது, விரல் தம்பியுடையது. அக்கா மூன்று வயது மூத்தவள். கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம் பிரித்து மீன் வரைவாள். ஒவ்வொரு வரிசையிலும் நிரப்பிய கட்டங்களுக்கு உள்ள மதிப்பைக் கூட்டினால் ஓர் எண் வரும். எட்டு வரிசைக்கு எட்டு எண். எட்டு எண்ணைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஒரு மீனைத் தரும். அக்கா மனத்துக்குள் கூட்டி எண்களை வாய்விட்டுச் சொல்வாள். தம்பி தட்டுவான். பிழையாகத் தட்டினால் தலையில் ஒரு தட்டு விழும்.

எட்டுக் கட்ட அகலத்துக்குள் எட்டுக் காலை அடக்க முடியவில்லை. ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடைவெளி வேண்டுமே. ஆகவே அவர்களுடைய ஆக்டோபஸுக்கு நாலே கால். பார்ப்பதற்குச் சாட்சாத் மேசை. "மேசை வருது, மேசை வருது, சுடுடா!" என்று அக்கா கத்துவதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டார் இந்தக் குடும்பத்தோடு அளவாகப் பழக ஆரம்பித்தார்கள்.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஆடுபவர் ஓட்டும் நீர்மூழ்கிக் கப்பல் சுடும் குண்டு வலது ஓரத்தில் திரையை விட்டு வெளியே போனால், இடது ஓரத்தில் உள்ளே வந்துவிடும். அக்காவின் கணக்கில் எங்கோ ஒரு பிசகு. குறி தப்பினால் உங்கள் குண்டே உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து உங்கள் முதுகில் அடிக்கும். இருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடியும் பிசகு அகப்படவில்லை. மூன்றாம் ஞாயிறு அதற்குச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள்: தப்பாகச் சுட்டவன் அனுபவிக்கட்டும்.

இனி குற்றத்துக்கு வருவோம்.

பள்ளி ஆண்டு விழாவில் பலகுரல் போட்டி இருந்தது. லிஃப்ட்காரர் அன்று தலைமையாசிரியர் குரலில் தேர்ந்தவர். குரல் எப்படி இருக்கிறது என்று பதிந்து கேட்க ஒரு கேசட் வேண்டும். அன்று கடை மூடியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளை அக்கா முன்யோசனையோடு உடைத்து வைத்திருந்தாள். காது இல்லாத கேசட்டில் எதையும் பதிய முடியாது. ஆனால் அந்த ஓட்டையின் மேல் செல்லோ டேப் ஒட்டினால் முடியும். இந்த நுட்பத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திருட்டுப் புத்தி தானாக வந்தது.

கேசட்டின் மறுபக்கத்தில் பதிவதாகத்தான் நினைத்தார். திருப்பிப் போட மறந்தார். பதினொரு நிமிடம் தலைமையாசிரியர் பேசி முடித்தபோது, கடலும் மீன்களும் மேசையும் போயே போய்விட்டன. விஷயம் புரிந்ததும் அவர் மைக்கைக் கழற்றிவிட்டு, தலைமையாசிரியரின் மேல் பதினொரு நிமிட மௌனத்தைப் பதிந்தார். செல்லோ டேப்பை உரித்தார். கேசட்டை வைத்த இடத்தில் வைத்தார். போட்டியில் இரண்டாம் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது.

அடுத்த வாரம் கேசட்டைப் போட்டார்கள். ஆறு நிமிடம் வீடே மூச்சைப் பிடித்தது. பூனைகள் கத்தவில்லை. அக்கா கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தாள். பிறகு அதை எங்கிருந்து எடுத்தோம் என்று திரும்பிப் பார்த்தாள். அது ரேடியோவின் பெரிய ஸ்பீக்கர் மேல் இருந்தது.

"காந்தம்" என்றாள். "அப்பா சொன்னாரே, ஸ்பீக்கர் உள்ள காந்தம் இருக்கு, கிட்ட வெக்காதீங்கன்னு. நான்தான்டா வெச்சேன். நான்தான் அழிச்சிட்டேன்."

அந்த இடத்தில் தம்பி ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்கா கணக்கு நோட்டை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதன்பின் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. "எனக்கு இதுக்கெல்லாம் பொறுப்பு பத்தாது" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அக்காவுக்கு ஐம்பத்தொன்று. பன்னிரண்டு மணி நேர ரயில் பயணத் தொலைவில், ஒரு பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றியதும் அவள் செய்யும் முதல் காரியம், ஸ்பீக்கர் மேல் என்ன இருக்கிறது என்று பார்த்து அதை எடுத்துத் தள்ளி வைப்பதுதான். பூச்சாடி, மூக்குக்கண்ணாடி, சீப்பு எதுவானாலும் சரி. உறவுக்காரர்கள் அதை அவளுடைய சுத்தம் என்று புகழ்வார்கள். லிஃப்ட்காரர் மட்டும் அப்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

இந்த அழகில்தான் 'ஆழம்' என்ற தலைப்பு வந்து சேர்ந்தது.

மற்றப் போட்டியாளர்கள் எல்லோரும் கண் விழித்துச் செய்வார்கள். லிஃப்ட்காரருக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு. ஒன்பதரைக்குக் கண் செருகிவிடும். அவர் மதியத் தூக்கத்தையும் விடவில்லை. ஆக எழுபத்திரண்டு மணி நேரப் போரில் அவர் களத்தில் நின்றது இருபத்தைந்து மணி நேரம் இருக்கும். சனிக்கிழமை காலைக்குள் கடல் தயார், நீர்மூழ்கி தயார், ஐந்து ஆழங்கள் தயார். ஒவ்வொரு ஆழத்துக்கும் நீலம் ஒரு படி கறுக்கும். குண்டு ஓரத்தில் போய் மறைந்தது. திரும்பி வரவில்லை.

மகள் ஆடிப் பார்த்தாள். "நல்லா இருக்குப்பா" என்றாள், உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசும் குரலில்.

அவர் உட்கார்ந்து, குண்டு திரும்பி வரும்படி மாற்றினார். மகள் மறுபடியும் ஆடினாள். அரை நிமிடத்தில், "அய்யோ! என்னப்பா இது, என் குண்டே என்னை அடிக்குது! தப்பா எழுதியிருக்கீங்க."

"தப்பு இல்லம்மா. சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

"உன் அத்தை."

அவள் அடுத்த முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம், "இரும்மா, மூணாவது ஆழம்" என்றாள். மனைவி சீட்டாட்டம் குழந்தைக்கும் தொற்றிவிட்டதே என்று பெருமூச்சு விட்டார்.

ஆனால் மேசை வரவில்லை. எத்தனை தடவை கட்டம் நிரப்பினாலும் ஒருசமயம் சிலந்தியாக வந்தது, ஒருசமயம் ஸ்டூலாக வந்தது. வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டார்.

"என்னடா, வேலை நேரத்துல? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. சும்மாதான். அந்த மேசை ஞாபகம் இருக்கா உனக்கு?"

"எந்த மேசை?" என்றவள், உடனே பிடித்துக்கொண்டாள். "நம்ம மேசையா? அறுபது, நூத்தி இருபத்தாறு, இருநூத்திப் பத்தொம்பது... ஐயா, வாயை நல்லாத் திறங்க, நாக்கை மடக்காதீங்க... இருநூத்தி ஐம்பத்தஞ்சு, நூத்தி இருபத்தாறு, தொண்ணூறு, அப்புறம் நூத்தி அறுபத்தஞ்சு ரெண்டு தடவை. எதுக்குடா?"

முப்பத்து மூன்று வருடம். அவர் எட்டு எண்களையும் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார்.

"அக்கா, எப்படி இன்னும்..."

"மறக்குமா? நல்ல ஆட்டம்டா அது. நான் மட்டும் அந்த ஸ்பீக்கர் மேல வெக்காம இருந்திருந்தா... சரி விடு, பேஷன்ட் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கார்."

இது இரண்டாவது வாய்ப்பு. "அக்கா" என்றார். "ம்?" என்றாள். "சாப்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

எண்களைத் தட்டினார். மேசை எழுந்து நின்றது. நாலு கால், இரண்டு கண், அதே திமிர்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. சொல்ல வேண்டியதை ஐந்தாம் ஆழத்தின் அடியில், ஆட்டத்தை முடித்தவர்கள் மட்டும் பார்க்கும் கடைசித் திரையில் எழுதிவிடுவது. செய்தவரே இதுவரை மூன்றாம் ஆழத்தைத் தாண்டியதில்லை. அக்கா எங்கே தாண்டப்போகிறாள்? சொன்னதாகவும் ஆயிற்று, சொல்லாததாகவும் ஆயிற்று. மனசாட்சிக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் சேதமில்லை. இவ்வளவு அருமையான ஏற்பாட்டை மனிதன் ஐம்பதை நெருங்கிய பிறகுதான் யோசிக்க முடியும்.

ஆனால் தமிழ் எழுத்துகளைச் சின்னக் கட்டங்களில் வரைவது என்ன பாடு என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கடலுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு வரிக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. 'ஸ்பீ' மட்டுமே இரண்டு மீன் அகலம் கேட்டது. அடித்துத் திருத்தி, கடைசியில் திரையில் நின்றது இது:

அக்கா, ஸ்பீக்கர் இல்லை. நான்தான் அழித்தேன். செல்லோ டேப் ஒட்டி.

'மன்னித்துவிடு' என்று போட இடம் இல்லை.

திங்கள் மாலை ஐந்தேகாலுக்கு ஆட்டத்தை அனுப்பினார். அக்காவுக்கும் சுட்டியை அனுப்பி, "நம்ம பழைய ஆட்டம். நேரம் கிடைச்சா பாரு" என்று எழுதினார். பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. இருபத்திரண்டு நிமிடம் அப்படி இருந்தது.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் முதல் கருத்து வந்தது. போட்டியில் ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் ஆடிக் கருத்து எழுதுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்களுடைய கட்டைவிரல்களுக்குத் தம்முடைய வயதில்லை என்பதைத்தான் யோசிக்கவில்லை. நண்டுக்கால் என்று புனைபெயர் கொண்ட ஒருவர் எழுதியிருந்தார்: "திரும்பி வர்ற குண்டு செம. ஐந்தாவது ஆழம் முடிச்சாச்சு. அண்ணே, அக்காகிட்ட நேர்ல சொல்லிட்டீங்களா?"

அடுத்து, தூக்கம்வரல என்பவர்: "செல்லோ டேப்பா? அடப்பாவி மனுஷா."

அடுத்து ஒருவர்: "நான் ஒரு அக்கா. உங்களுக்கு ஐந்துக்கு இரண்டு மார்க். ஆட்டத்துக்கு ஐந்து, உங்களுக்கு மைனஸ் மூன்று."

செவ்வாய்க்கிழமைக்குள் நாற்பத்தொரு பேர் கடைசித் திரையைப் பார்த்துவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் பெயர் தெரியாமல் லிஃப்ட்டைத் தடவிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரே நாளில் புகழ் வந்தது. அக்கா துரோகி என்று ஒரு பட்டமும் சேர்ந்து வந்தது.

அன்று மாலை அக்கா கூப்பிட்டாள்.

"டேய், மூணாவது ஆழத்துல மாட்டிக்கிட்டேன். எப்படித் தாண்டறதுன்னு கீழ யாராவது எழுதியிருப்பாங்கன்னு பார்த்தேன்."

லிஃப்ட்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஊர் உலகம் பூரா அக்கா அக்கான்னு எழுதியிருக்கு. எந்த அக்காடா? கடைசியில என்ன இருக்கு?"

"அக்கா... நானே சொல்லிடறேன்..."

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன். ரெண்டு கருத்துக்கு மேல நான் படிக்கல, படிக்கவும் மாட்டேன். நாப்பது பேரு ஆடித் தெரிஞ்சுக்கிட்டதை நான் கேட்டா தெரிஞ்சுக்கணும்? நானே போறேன்."

வைத்துவிட்டாள்.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் லிஃப்ட்காரர் ஒவ்வொரு கட்டடத்திலும் பிரேக்கை இரண்டு தடவை தட்டிப் பார்த்தபின்தான் கையெழுத்துப் போட்டார். அக்காவிடமிருந்து காலையில் ஒரு செய்தி வரும், "மூணு தாண்டிட்டேன்" என்று. மறுநாள், "நாலுல மேசை ரெண்டு ரெண்டா வருது, சண்டாளா." ஒருநாள், "ஆஸ்பத்திரி டாக்டர் நாலு தாண்டிட்டார். கடைசி ஸ்கிரீனை எனக்குக் காட்டக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்." வீட்டில் மனைவி ஒருநாள் கேட்டார், "சீட்டுல ரொம்பத் தோத்துட்டீங்களா?" அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

பத்தாம் நாள் பதினொரு மணிக்கு, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில், லிஃப்ட்டின் கதவு மூடாமலிருக்கக் கருவிப் பையை முட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே நின்று சோதித்துக்கொண்டிருந்தார். கூட மெக்கானிக், எல்லோரும் கிரீஸ் என்று கூப்பிடுகிறவர். வெளியே காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தார். போன் அடித்தது.

"படிச்சிட்டேன்" என்றாள் அக்கா.

அவர் போனைக் காதோடு அழுத்தினார். பன்னிரண்டு மணி நேர ரயில் தூரத்தின் அந்தப்புறத்தில் ஒரு எக்ஸ்ரே இயந்திரம் 'பீப்' என்றது.

"முப்பத்து மூணு வருஷம்டா. போன வாரம் கூட ஒருத்தர் வீட்டுல ஸ்பீக்கர் மேல இருந்து பல்செட்டை எடுத்துத் தள்ளி வெச்சேன்."

"அக்கா..."

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கூட அதுல இல்லையே?"

"இடம் இல்லக்கா. அகலம் பத்தல."

"இப்ப இடம் இருக்கா?"

"இருக்கு." அவர் லிஃப்ட்டின் கண்ணாடியைப் பார்த்தார். வழுக்கைத் தலையோடு ஒரு பதினைந்து வயதுக்காரர் அங்கே நின்றிருந்தார். "மன்னிச்சுடுக்கா. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ நோட்டை மூடினப்பவே சொல்லியிருக்கணும்."

கிரீஸ் சட்டென்று ஸ்பேனரைத் துடைப்பதில் மும்முரமானார்.

அக்கா கேட்டாள், "எதைப் பதிஞ்சே?"

"என்ன?"

"என் கடலை அழிச்சிட்டு அதுல என்னத்தைப் பதிஞ்சேன்னு கேக்கறேன். அது எனக்குத் தெரியணும்."

"ஹெட்மாஸ்டர் குரல். பலகுரல் போட்டிக்கு, பதினொரு நிமிஷம்."

"அந்த சோப்பு டப்பாவுக்கா?"

"ஆமா."

"பண்ணு."

"அக்கா, நான் வேலையில..."

"பதினொரு நிமிஷமும் வேணும். பண்ணுடா."

லிஃப்ட்காரர் கதவைப் பார்த்தார். கருவிப் பை முட்டுக்கொடுத்தபடி இருந்தது. தொண்டையைச் செருமினார். முதல் வார்த்தை கீச்சென்றுதான் வந்தது. இரண்டாம் வாக்கியத்தில் முப்பத்து மூன்று வருடம் முன்பு ஓய்வுபெற்ற ஒரு மனிதர் அந்த இரும்புப் பெட்டிக்குள் வந்து நின்று, இருமி, மூக்கை உறிஞ்சி, தலைமுடி வளர்ப்பவர்கள் பற்றியும், சுவரில் கிறுக்குபவர்கள் பற்றியும், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஓடுபவர்கள் பற்றியும், நாட்டின் எதிர்காலம் பற்றியும் முழங்கத் தொடங்கினார். காய்கறி அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார். போனில் முதலில் ஒரு மூச்சு. பிறகு, பூனைகள் தகர டப்பாவுக்குள் சண்டை போடுவது போல, அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் நடுவில் எங்கோ கலந்திருந்தது. இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பதினொரு நிமிடம் முடிந்ததும் அக்கா மூக்கைச் சிந்தினாள். "ரெண்டாம் பரிசே அதிகம்டா உனக்கு" என்றாள். "மூக்கு உறிஞ்சறது மட்டும் சரியா இருக்கு. வை. எனக்கு வேலை இருக்கு."

"கோபமாக்கா?"

"இருக்கும். கொஞ்ச நாள் இருக்கும். நானே சொல்றேன், எப்பப் போச்சுன்னு."

கிரீஸ் பையை எடுத்தார். காய்கறி அம்மாள் உள்ளே வந்து, ஆறாம் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு, லிஃப்ட்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"இது விழாதுல்ல?" என்று கேட்டார்.

"விழாதும்மா" என்றார் லிஃப்ட்காரர்.

அவர் வெளியே வந்து தாளில் கையெழுத்துப் போட்டார். பிரேக்கை மறுபடி தட்டிப் பார்க்கவில்லை. பேனாவை மூடும்போது போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அக்காதான்.

"திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். செத்துட்டேன். பின்னால இருந்து, என் குண்டே."